"சதை தின்னும் கிருமி"ன்னு போடாதீங்க ஐயா, கடல்ல பட்ட காயமான்னு கேக்க சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு செய்தி பாத்தேன். "சதையை தின்னும் கடல் கிருமி"ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு, கீழ ஏதோ வெளிநாட்டு பீச் படம், அதுக்கு கீழ நாலு வரி, அம்புட்டுதான். காலைல டீக்கடையில அதை ஒருத்தர் சத்தமா படிக்க, மத்தியானத்துக்குள்ள அது வாட்ஸ்அப்ல எங்க தெரு முழுக்க சுத்தி வந்துருச்சு, சாயந்தரம் தலைச்சுமையா மீன் விக்கிற எங்க பெரியம்மா "இன்னிக்கு ஊருக்குள்ள பாதி வீட்டுல மீனே வேணாம்னுட்டாங்க தாயி"ன்னு கூடையோட திரும்பி வந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே இந்த கடிதத்தை எழுத உக்காந்தேன், ரெண்டு தடவை கிழிச்சு போட்டுட்டு மூணாவது தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் பாம்பன் பக்கத்து பொண்ணு. எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படிச்சிட்டு வெளியூர்ல ஒரு ஆராய்ச்சி லேப்ல ரெண்டு வருஷம் புராஜெக்ட் அசிஸ்டென்டா இருந்தேன், அங்க என் வேலையே நீங்க தலைப்புல போட்ட இதே கிருமியோட புரோட்டீனையும் என்சைமையும் பாக்குறதுதான். இப்ப ராமநாதபுரத்துல ஒரு ரத்த பரிசோதனை லேப்ல வேலை. எங்க வீட்டுல எல்லாரும் கடல்தான், அப்பா நாட்டுப்படகு, அம்மா கல்யாணத்துக்கு முந்தி பாசி எடுக்க போனவங்க.

அந்த கிருமி பேரு விப்ரியோ வல்னிஃபிகஸ். காலரா கிருமிக்கு பங்காளி, அதே விப்ரியோ குடும்பம். 1976-ல அமெரிக்காவுல இதை மத்ததுல இருந்து தனியா பிரிச்சு காட்டுனாங்க, இந்த பேரு 1979 வாக்குலதான் வந்துச்சு, லத்தீன்ல வல்னிஃபிகஸ்னா காயம் உண்டாக்குறதுன்னு அர்த்தம். பேரு வச்சவங்ககூட தின்னும்னு வைக்கல ஐயா. ஏன்னா அது திங்கல. ஒரு மனுசனோட காலு ஒரே நாள்ல கருத்து வீங்குற அளவுக்கு கிருமிக்கு வாயும் கிடையாது வயிறும் கிடையாது, அது செய்யிறது வேற வேலை, அந்த வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் நேரம் எம்புட்டு முக்கியம்னு நமக்கு உறைக்கும். இந்த கடிதத்துல நான் சொல்ல வர்ற விஷயமே இந்த நேரம்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மாசம், மழை விட்டு விட்டு பெய்யுது, எங்க சித்தப்பா வலையில இருந்து மீன் கழிக்கிறப்ப கெளுத்தி முள்ளு காலு பெருவிரலுக்கு மேல குத்திருச்சு. கெளுத்தி முள்ளு குத்துறது எங்களுக்கு என்ன புதுசா, மாசத்துல ரெண்டு தடவை யாருக்காச்சும் குத்தும். கரைக்கு வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு பூசிட்டு படுத்துட்டாரு. அவருக்கு சக்கரை உண்டு, குடிப்பழக்கமும் உண்டு, ஈரல் வீங்கியிருக்குன்னு முந்தியே ஸ்கேன்ல சொல்லியிருந்தாங்க. சாயந்தரம் நான் போன் பண்ணி கேக்குறேன், "ஒண்ணுமில்ல தாயி, முள்ளு குத்துன கடுப்புத்தான், காலைல சரியாயிரும்"ங்கிறாரு. ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி போன்ல அழுவுறாங்க, காலு கணுக்கால் வரைக்கும் வீங்கிருச்சு, தொட விட மாட்டேங்குறாரு, குளிர் காய்ச்சல் வேற. பக்கத்துல ஒரு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி குடுத்துருக்காங்க. விடியக்காலைல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனப்ப காலுல நாவப்பழம் மாதிரி கருநீலமா ரத்தக்கொப்புளம் எந்திரிச்சிருச்சு. அங்க இருந்தவங்க கேட்ட மொத கேள்வி பாம்பு கடிச்சுச்சா. ரெண்டாவது கேள்வி பணம் எவ்வளவு கொண்டு வந்துருக்கீங்க. கடல் தண்ணி பட்ட காயமான்னு ஒருத்தர்கூட கேக்கல. நான் போய் சேந்து சொன்னேன், கொப்புளத்து தண்ணிய ஒரு ஸ்வாப்ல, அதாவது பஞ்சுக் குச்சியில எடுத்து, கல்ச்சருக்கு, கிருமிய வளத்து பாக்குற டெஸ்டுக்கு அனுப்புங்க, ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முந்தி ரத்தமும் எடுத்துருங்கன்னு கெஞ்சுனேன், "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா, மொதல்ல உசுர காப்பாத்துவோம்"னாங்க. ஸ்வாப் எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது ஐயா. கடைசியில மதுரைக்கு கொண்டு போயி முழங்காலுக்கு கீழ எடுத்துட்டாங்க. சித்தப்பா உசுரோட இருக்காரு, அது பெரிய புண்ணியம், கரையில உக்காந்து வலை பின்னுறாரு. ஆனா அது என்ன கிருமின்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு தெரியாது. வல்னிஃபிகஸா இருக்கலாம், வேற ஒண்ணாவும் இருக்கலாம், யாரும் வளத்து பாக்காததுனால அது எந்த கணக்குலயும் ஏறல. ரெண்டு வருஷம் அந்த கிருமியையே பாத்துட்டு வந்தவ, என் சொந்த வீட்டுல ஒரு தட்டுல அதை வளத்து பாக்க முடியாம நின்னேன், அந்த ஆத்தாமை எனக்கு இன்னும் தீரல.

அந்த தட்டை பத்தி சொல்றேன். லேப்ல விப்ரியோ வளக்க டிசிபிஎஸ்னு ஒரு அகார் இருக்கு, கிருமிக்கு தீனி கலந்து தட்டுல ஊத்தி உறைய வைக்கிற ஜெல்லி, கரும்பச்சையா வெத்தலை சாறு மாதிரி நெறம். அதுல சாம்பிளை தீத்தி ராத்திரி முழுக்க 37 டிகிரியில வச்சு காலைல எடுத்தா காலரா கிருமி மஞ்சளா பூத்துருக்கும், வல்னிஃபிகஸ் பெரும்பாலும் பச்சையா இருக்கும். காலராக்காரன் அதுல இருக்க சக்கரைய புளிக்க வைப்பான், இவன் வைக்க மாட்டான், அதான் நெற வித்தியாசம். அப்புறம் இன்னொரு தட்டு, அகார்ல ஆடை எடுத்த பால் பொடிய கலந்து ஊத்துறது, வெள்ளையா இட்லி மாவு ஊத்துன மாதிரி இருக்கும். அதுல கிருமிய ஒரு புள்ளியா வச்சுட்டு மறுநாள் பாத்தா புள்ளிய சுத்தி ஒரு வட்டம் மட்டும் வெள்ளை போயி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும். கிருமி அந்த வட்டத்துக்குள்ள நடந்து போகவே இல்ல, இருந்த இடத்துலயே இருக்கு, அது கக்குன என்சைம்தான் சுத்தி பரவி பால் புரோட்டீனை வெட்டி கரைச்சிருச்சு. மொத மொத அதை பாத்தப்ப எனக்கு மயிர் கூச்செறிஞ்சுச்சு. அந்த என்சைம் ஒரு புரோட்டியேஸ், அதாவது புரோட்டீனை வெட்டுற கத்திரி, அதோட வெட்டுற முனையில துத்தநாக அணு ஒண்ணு உக்காந்துருக்கும். இடிடிஏன்னு ஒரு ரசாயனம் போட்டு அந்த துத்தநாகத்தை உருவிட்டா கத்திரி வேலை செய்யாது, பால் தட்டு வெள்ளையாவே கெடக்கும். நம்ம தோலுக்கு அடியில ரத்தக்குழாய் சுவரை தாங்கி பிடிக்கிற கொலாஜன், எலாஸ்டின் எல்லாம் இதே கத்திரிக்கு இரைதான், குழாய் ஒழுக ஆரம்பிச்சா வீக்கம், ரத்தம் கசிஞ்சா கருநீல கொப்புளம். சித்தப்பா காலை பாத்தப்ப எனக்கு அந்த பால் தட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

இங்கதான் ஆராய்ச்சியில ஒரு திருப்பம். இந்த கத்திரிதான் கொலைகாரன்னு ரொம்ப நாளா எல்லாரும் நெனச்சுட்டு இருந்தாங்க, அந்த என்சைமை மட்டும் பிரிச்சு எலிக்கு ஊசி போட்டா அதே மாதிரி வீக்கம் ரத்தக்கசிவு எல்லாம் வந்துச்சு, சந்தேகப்படவே எடமில்ல. ஆனா 2000 வாக்குல கொரியாவுலயும் தைவான்லயும் அந்த புரோட்டியேஸோட ஜீனை கிருமியில இருந்து வெட்டி எடுத்துட்டு, கத்திரி இல்லாத கிருமிய எலிக்கு குடுத்து பாத்தாங்க. எலி அப்பவும் செத்துச்சு. ரத்த அணுவுல ஓட்டை போடுற ஹீமோலைசின்னு இன்னொரு புரோட்டீன் இருக்கு, அதை எடுத்து பாத்தப்பவும் பெருசா மாத்தம் இல்ல. அப்புறம் 2007, 2008 வாக்குலதான் உண்மையான பெரிய கை மாட்டுச்சு, மார்ட்டெக்ஸ்னு ஒரு நஞ்சு புரோட்டீன், 5,000-க்கு மேல அமினோ அமிலம் கோத்த ராட்சச மாலை, சாதாரண புரோட்டீன்ல சில நூறுதான் இருக்கும்னா பாத்துக்கோங்க. அந்த ஜீனை எடுத்துட்டா எலி சாகுறதுக்கு பல மடங்கு கூடுதல் கிருமி தேவைப்பட்டுச்சு.

இந்த மார்ட்டெக்ஸ் வேலை செய்யிற விதத்தை நான் யார்கிட்ட சொன்னாலும் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் சொல்லுவேன். கிருமி நம்ம செல்லுக்கு பக்கத்துல வந்து ஒட்டுனதும் இந்த மாலை செல்லோட தோலை துளைச்சு உள்ள நீளுது. அதோட நடுவுல சுருட்டி வச்ச ஒரு குட்டி கத்திரி இருக்கு, வெளிய இருக்க வரைக்கும் அது மடங்கியே கெடக்கும். நம்ம செல்லுக்குள்ள இனாசிட்டால் பாஸ்பேட்னு ஒரு மூலக்கூறு எப்பவும் மெதந்துட்டு இருக்கும், நமக்கு வேண்டிய சாமான் அது. அது வந்து ஒட்டுனதும் கத்திரி விரிஞ்சிரும், விரிஞ்சு தன்னோட மாலையையே தான் வெட்டி, அதுல கோத்திருந்த நஞ்சு துண்டுகளை ஒவ்வொண்ணா செல்லுக்குள்ள உதுத்து விட்டுரும். வீட்டுக்காரன் சாவியவே வாங்கி வீட்டை தொறக்குற கதை. அந்த துண்டுகள் செல்லை உள்ள இருந்து குலைச்சிரும், நோயெதிர்ப்பு செல்லும் இதுலதான் மாட்டி சாகுது.

இப்ப நேரத்துக்கு வர்றேன். இந்த கிருமிக்கு நம்ம உடம்பு சூடும் சாப்பாடும் சேந்தா அரை மணி நேரத்துக்குள்ள ஒண்ணு ரெண்டாகும். அரை மணின்னே வச்சுக்குவோம், பத்து மணி நேரத்துல ஒரு கிருமி பத்து லட்சத்தை தாண்டிரும், அதாவது சித்தப்பா "காலைல சரியாயிரும்"னு படுத்த அந்த ஒரே ராத்திரி. அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையம் சொல்ற கணக்குப்படி இது தொத்துனவங்கள்ல 5 பேருக்கு 1 ஆள் இறந்து போறாங்க, சில பேர் நோய் கண்ட ஒண்ணு ரெண்டு நாள்லயே. ஆன்டிபயாடிக் கிருமியத்தான் நிறுத்தும், ஏற்கனவே செல்லுக்குள்ள எறங்குன நஞ்சை திருப்பி எடுக்காது, அதனாலதான் லேட்டா போனா டாக்டருங்க செத்த சதைய வெட்டி எடுக்க வேண்டியிருக்கு. சீக்கிரம் போனா டாக்சிசைக்ளின் வகை மருந்தையும் செபலோஸ்போரின் வகை ஊசியையும் சேத்து குடுப்பாங்க. ஊசி கிருமியோட செவுரை உடைக்கும், டாக்சிசைக்ளின் கிருமி புரோட்டீன் தயாரிக்கிற பட்டறையையே நிறுத்தும், பட்டறை நின்னா புதுசா கத்திரியும் கிடையாது மார்ட்டெக்ஸும் கிடையாது. ஆனா இதை நீங்களா மெடிக்கல்ல வாங்கி போட்டுறாதீங்க, அதுக்காக இதை சொல்லல, டாக்டர்கிட்ட எம்புட்டு சீக்கிரம் போகணும்னு புரியணும்னு சொல்றேன்.

யாருக்கு ஆபத்துங்கிறதுலயும் புரோட்டீன் கதை இருக்கு. இந்த கிருமிக்கு இரும்பு இல்லாம வளர முடியாது. நம்ம ரத்தம் இரும்பை டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரோட்டீன்ல பூட்டி வச்சிருக்கும், சுத்துற இரும்போட அளவை அடக்கி வைக்கிற ஹெப்சிடின்ங்கிற ஹார்மோனை செய்யிறது ஈரல். ஈரல் கெட்டா பூட்டும் தளந்துரும். கிருமி வல்னிபாக்டின்னு ஒரு கொக்கிய வெளிய விட்டு அந்த இரும்பை அள்ளிக்கும். அதனாலதான் குடிச்சு ஈரல் கெட்டவங்க, மஞ்சகாமாலை வந்து ஈரல் சுருங்குனவங்க, சக்கரைக்காரங்க இவங்களுக்கு சின்ன கீறல்கூட பெருசாவுது. நல்ல ஆரோக்கியமா இருக்கவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எங்க கரையில எத்தனை ஆம்பளைங்க குடிக்கிறாங்கன்னு நான் எழுத வேண்டியதில்ல, ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

கடலும் வருஷம் பூரா ஒரே மாதிரி இல்ல. இந்த கிருமிக்கு 20 டிகிரிக்கு மேல சூடு வேணும், நம்ம மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் அதுக்கு கீழ போறதே இல்ல. உப்பு கொறைஞ்ச தண்ணின்னா அதுக்கு இன்னும் இஷ்டம், வாடைக்காத்து மழையில வைகை கடல்ல சேர்ற ஆத்தங்கரை முகத்துவாரம் மாதிரி எடத்துல நல்ல தண்ணி கலக்குறப்ப கூடுதல் கவனம் வேணும்னு நான் சொல்றது அதனாலதான். ஆனா பயந்து கடலுக்கு போகாம இருக்க முடியுமா. மனுசங்கிட்ட இருந்து மனுசனுக்கு இது ஒட்டாது. நல்லா வெந்த மீன்ல இது இருக்காது. வெளிநாட்டுல பச்சை சிப்பி திங்கிறவங்களுக்கு வயித்து வழியா ரத்தத்துல ஏறும், நம்ம ஊர்ல புளி ஊத்தி கொதிக்க வச்ச கொழம்புல எங்கிட்டு இருந்து வரும். நீங்க அந்த ஒரு வரிய போட்டுருந்தா பெரியம்மா கூடை காலியாயிருக்கும்.

எனக்கு ரொம்ப கவலை பாசி எடுக்கிற பெண்களை நெனச்சுத்தான். கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி பார்ல, அதாவது கடலடி பாறைத்திட்டுல ஒட்டியிருக்க மரிக்கொழுந்து பாசிய கையால பிடுங்குறாங்க, விரல்ல துணிய கிழிச்சு சுத்திக்குவாங்க, ஆனாலும் பார் கல்லு கீறாத கை கிடையாது. எங்க அம்மா விரல்ல இன்னும் அந்த வெள்ளை தழும்பு கோடு கோடா இருக்கு. கீறலோடயே நாலஞ்சு மணி நேரம் தண்ணிக்குள்ள கெடப்பாங்க. அவங்களுக்கு நல்ல தடிமனான கையுறையும், கரையில சோப்பு போட்டு கழுவ நல்ல தண்ணியும் இருந்தாலே பாதி வேலை முடிஞ்சது, அந்த நல்ல தண்ணிக்குத்தான் எங்க பக்கம் பிளாஸ்டிக் கொடத்தை வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறோம்.

பெரியவங்க வைத்தியத்தை நான் குத்தம் சொல்லல. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்துனா தாங்குற சூட்டுல வெந்நீர்ல காலை முக்கி வைக்க சொல்லுவாங்க பாருங்க, அது சரியான வைத்தியம். அந்த விஷமும் புரோட்டீன்தான், சூட்டுல அது குலைஞ்சிரும், வலி எறங்கும். ஆனா வலி எறங்குச்சுன்னு கிருமி செத்துருச்சுன்னு நெனச்சுறக்கூடாது, நம்ம காலு தாங்குற சூட்டுல கிருமிய முழுசா கொல்ல முடியாது. சுண்ணாம்பு, பீடித்தூளு, மண்ணெண்ணெய் இதெல்லாம் வேணவே வேணாம், சதை வெந்து போகுறதும் கிருமி செய்யிறதும் ஒண்ணோட ஒண்ணு கலந்து டாக்டருக்கே புரியாம போயிரும்.

எனக்கு ரெண்டு மூணு வேண்டுகோள் இருக்கு. நம்ம கடற்கரை ஆஸ்பத்திரிங்கள்ல, அது அரசா இருந்தாலும் தனியாரா இருந்தாலும், வீங்குன காயத்தோட ஆள் வந்தா மொத கேள்வி "கடல்ல பட்டதா, மீன் முள்ளா, நண்டா"ன்னு இருக்கட்டும். ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முந்தி ஒரு ஸ்வாப், ஒரு ரத்த கல்ச்சர் எடுக்கட்டும், மருந்தை அதுக்காக நிறுத்தி வைக்க வேணாம், எடுத்துட்டு ஒடனே போடட்டும். அடுத்து, 2022-ல இருந்து ராமநாதபுரத்துலயே அரசு மருத்துவக்கல்லூரி இருக்கு. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1971-ல தலைமையகம் கொச்சிக்கு போற வரைக்கும் அதோட தலைமையிடமே மண்டபம்தான். தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடல் சார்ந்த படிப்பு வளாகம் இருக்கு. இவங்க மூணு பேரும் கை கோத்தா நம்ம தண்ணியில, நம்ம ஆளுங்க காயத்துல இருக்க கிருமிங்க எந்தெந்த நஞ்சு ஜீனை சுமந்துட்டு திரியுதுன்னு நம்மளே பாக்கலாம், எல்லா வல்னிஃபிகஸும் ஒரே அளவுக்கு கொடூரம் இல்ல, ஒண்ணுக்கொண்ணு மார்ட்டெக்ஸ்ல கோத்திருக்க துண்டுகளே மாறும். கொரியா எலியில பாத்ததை வச்சே எத்தனை நாளைக்கு நம்ம காலுக்கு கணக்கு போடுறது. இலங்கை தோட்டத்துக்கு போன சனத்தை காலரா அம்மை பயத்துல நாள் கணக்குல தடுத்து நிறுத்தி வச்ச எடம்தான் மண்டபம் கேம்ப், கிருமிய பத்தி அக்கறை எடுக்கணும்னா இந்த மண்ணுக்கு அது புதுசும் இல்ல.

கடைசியா உங்ககிட்ட. கடல் காத்து வேகம், அலை உயரம் எல்லாம் தினமும் ஒரு கட்டம் கட்டி போடுறீங்க, எங்க அப்பா பேப்பர்ல மொதல்ல பாக்குறதே அதைத்தான். ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் அந்த கட்டத்துக்கு கீழ ரெண்டு வரி சேத்து போடுங்க ஐயா: கடல்ல காயம் பட்டா நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு கழுவு, அன்னிக்கே காயத்தை மிஞ்சுன வலி, வேகமா ஏறுற வீக்கம், காய்ச்சல், கொப்புளம் இதுல எது வந்தாலும் விடியிற வரைக்கும் காக்காம ஆஸ்பத்திரிக்கு போ, போனதும் கடல் காயம்னு நீயே சொல்லு. சித்தப்பாவும் அந்த கட்டத்தை பாத்துட்டுத்தான் அன்னிக்கு கடலுக்கு போனாரு.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீசியன்,
பாம்பன்.